இம்பாக்ட் மிஷின் மக்கர் பண்ணுகிறதா? புகாரைப் பார்த்துச் சரிசெய்யலாம்

டூல்ஸ் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் ஒன்று சீக்கிரமே பிடிபட்டுவிடும். "மிஷின் போச்சுண்ணே" என்று பையோடு தூக்கிக்கொண்டு வருவார்கள்; பிரித்துப் பார்த்தால் மிஷின் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். ஸ்க்ரூவைத் திருப்புகிற முனையான பிட் தேய்ந்திருக்கும், ஸ்க்ரூ அந்த வேலைக்கு ஒத்துவராததாக இருக்கும், அதுவும் இல்லையென்றால் டிரிக்கரில் வைத்த விரலை எடுக்க வேண்டிய நேரத்தில் எடுத்திருக்க மாட்டார்கள். கடலூர், புதுச்சேரி பக்கம் கூரை ஷீட் போடுகிறவர்கள், கதவு ஜன்னல் வேலை பார்க்கும் ஆசாரிகள், ஏ.சி. மாட்டுகிற பையன்கள், வீட்டு வேலையை நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு மிஷின் வாங்கி வைத்தவர்கள் எல்லாரும் சொல்கிற புகார்களை அவர்கள் சொல்கிற மாதிரியே கீழே போட்டிருக்கிறேன். உங்கள் புகார் எதுவோ அதற்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒன்று. டிரில் மிஷினின் கழுத்தில் எண் போட்ட வளையம் இருக்கும். அதுதான் கிளட்ச். வைத்த இறுக்கம் வந்ததும் 'கர்ர்' என்று வழுக்கி நின்றுவிடும். நாம் பேசப்போகிற இம்பாக்ட் டிரைவரில், அதாவது ஸ்க்ரூவை அடித்து அடித்து முடுக்கும் பேட்டரி மிஷினில், அந்த வளையம் கிடையாது. டிரிக்கரை விடாமல் அழுத்தினால் ஸ்க்ரூ முறியும் வரைக்கும், பலகை பிளக்கும் வரைக்கும் அடித்துக்கொண்டேதான் இருக்கும். இதில் கிளட்ச் உங்கள் ஆள்காட்டி விரல். கீழே வரும் தொல்லைகளில் பாதிக்கு வேர் இதுதான்.

எதைச் சோதிப்பதானாலும், பிட் மாற்றுவதானாலும், பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான் இரண்டும் வேண்டும். பிட் முனை தெறித்தால் எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"டகடகன்னு அடிக்குது, உள்ளே ஏதோ உடைஞ்சிடுச்சு"

உடையவில்லை. அது அடிக்கத்தான் வேண்டும். உள்ளே ஒரு ஸ்பிரிங், அதற்கு முன்னால் சுத்தியல் என்று பேர் வைத்த ஓர் இரும்புக் கட்டி, அதற்கும் முன்னால் பிட்டைப் பிடித்திருக்கும் அன்வில். ஸ்க்ரூ லேசாக இறங்குகிற வரைக்கும் மூன்றும் ஒன்றாகச் சுற்றும், அடிச் சத்தம் வராது. ஸ்க்ரூ முரண்டு பிடித்ததும் சுத்தியல் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு பின்னால் நகரும், அன்விலின் காதைத் தாண்டும், உடனே முன்னால் பாய்ந்து சுற்றுகிற திசையிலேயே ஓர் அடி போடும். 18 வோல்ட் மிஷின்களில் இந்த அடி நிமிடத்துக்கு 3,000-க்கு மேல் விழும். பெரிய டிரில் மிஷின் ஸ்க்ரூ சிக்கியதும் மணிக்கட்டைத் திருகிவிடுமே, இது அப்படிச் செய்யாததற்குக் காரணமும் இதுதான். தள்ளுவிசை தொடர்ந்து கைக்கு வராமல் துண்டு துண்டான அடியாகப் போய்விடுகிறது.

சத்தத்தைக் கேட்டே பாதி நிலவரம் சொல்லிவிடலாம். சின்ன ஸ்க்ரூவுக்கே முதல் சுற்றில் இருந்து அடித்தால் மரத்தில் ஓட்டை போடாமல் ஏற்றுகிறீர்கள் என்று அர்த்தம். நீளமான ஸ்க்ரூ முக்கால் பங்கு சத்தமில்லாமல் போய், கடைசிக் கால் பங்கில் அடிக்க ஆரம்பித்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. தலை பலகையில் உட்கார்ந்ததும் அடிச் சத்தம் கெட்டியாகி சுருதி ஏறும். விரலை எடுக்க வேண்டிய இடம் அது.

சந்தேகப்பட வேண்டியவை வேறு. பாரமே இல்லாமல் சும்மா ஓட்டும்போது அரைக்கிற சத்தம், அடி விட்டுவிட்டு விழுவது, எவ்வளவு பெரிய ஸ்க்ரூ கொடுத்தாலும் அடியே வராதது. கடைசியாகச் சொன்னது என்றால் முதலில் பேட்டரியைச் சார்ஜ் போட்டுப் பாருங்கள், வேகப் பட்டன் குறைந்த வேகமான 1-இல் இருக்கிறதா பாருங்கள். அதற்கும் வரவில்லை என்றால் ஸ்பிரிங்கோ சுத்தியலோ தேய்ந்திருக்கும், சர்வீசுக்குக் கொடுக்க வேண்டியதுதான்.

"பிட் வழுக்குது, ஸ்க்ரூ தலை மழுங்கிடுது"

அதிகமாக வருகிற புகார் இதுதான். முதலில் பிட் முனையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். புது பிட்டின் நான்கு இறக்கையும் கூர்விளிம்போடு ஒரே நிறத்தில் இருக்கும். தேய்ந்த பிட்டில் விளிம்புகள் மட்டும் பளபளவென்று மின்னும், ஓரம் உருண்டு போயிருக்கும். அப்படி மின்னினால் தூக்கிப் போட்டுவிடுங்கள். பிட் மலிவான சாமான். மழுங்கிய ஸ்க்ரூவைப் பிடுங்குகிற நேரத்துக்கு அதைவிட விலை அதிகம்.

பிட் புதிதாக இருந்தும் வழுக்கினால், சிலுவை வேறு சிலுவையாக இருக்கும். நம் கடைகளில் 'ஸ்டார் பிட்' என்று பொதுவாகக் கேட்டு வாங்கிப் போகிறார்கள். அதில் இரண்டு வகை உண்டு. சாதாரண சிலுவை பிலிப்ஸ், பிட்டில் பி.எச். என்று போட்டிருக்கும். இன்னொன்று போசிட்ரைவ், பி.இசட். என்று போட்டிருக்கும். ஸ்க்ரூ தலையில் பெரிய சிலுவைக்கு நடுவில் முடி மாதிரி நான்கு சின்னக் கோடுகள் தெரிந்தால் அது போசிட்ரைவ். மாடுலர் கிச்சன், அலமாரிக்கு வருகிற ஸ்க்ரூக்களில் இது நிறைய. அதில் பிலிப்ஸ் பிட் போட்டாலும் உட்காரும், கையில் லேசாக ஆடும், இறுக்குகிற நேரத்தில் ஏறி வெளியே வந்துவிடும். அளவும் அப்படியே: பெரும்பாலான மர ஸ்க்ரூவுக்கு 2-ஆம் எண். தடித்த ஸ்க்ரூவுக்கு 3. பிட்டை ஸ்க்ரூவில் நட்டு, ஸ்க்ரூவைக் கிடைமட்டமாகப் பிடித்தால் விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். காந்தம் இல்லாத பிட்டில் இப்படிப் பார்த்தால் பொருத்தம் நன்றாகத் தெரியும்.

மூன்றாவது காரணம் பிடி. மிஷினின் பின்பக்கம் உள்ளங்கை வந்து, கை, மிஷின், பிட், ஸ்க்ரூ எல்லாம் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கைப்பிடியின் அடியில் மட்டும் பிடித்து மேலே தூக்கிக்கொண்டு ஓட்டினால் பிட் சாயும். டிரிக்கரை முதல் இரண்டு மூன்று சுற்றுக்கு மெதுவாக அழுத்தி, ஸ்க்ரூ மரத்தைப் பிடித்ததும் அழுத்தம் கூட்டுங்கள். இம்பாக்டுக்குத் தள்ளு தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள். டிரில்லை விடக் குறைவாகத் தேவை, அவ்வளவுதான். அடிக்கும்போது பிட் துள்ளாமல் இருக்கிற அளவுக்காவது உடம்பு பாரம் பின்னால் வேண்டும்.

புதிதாக வேலை எடுக்கிறவர்களுக்கு என் யோசனை: டார்க்ஸ் தலை ஸ்க்ரூ கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஆறு முனை நட்சத்திரக் குழி. வழுக்குவதே அபூர்வம். விலை கொஞ்சம் கூட, ஆனால் கீழே வரும் பத்தியைப் படிக்க வேண்டியிருக்காது.

ஏற்கெனவே மழுங்கிவிட்டதா? மறுபடி மறுபடி மிஷினை வைக்காதீர்கள், குழி இன்னும் கிண்ணமாகும். தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வைஸ் கிரிப் பிளையரால் கடித்துத் திருப்புங்கள். கொஞ்சமே நீட்டிக்கொண்டிருந்து பிளையருக்குப் பிடி கிடைக்காவிட்டால் ஹாக்ஸா பிளேடால் தலையில் ஒரு கோடு அறுத்து, பட்டை ஸ்க்ரூ டிரைவரால் கையில் திருப்பிப் பாருங்கள். அதற்கும் வராததற்கு, மழுங்கிய ஸ்க்ரூவைக் கவ்விப் பிடுங்கும் எக்ஸ்ட்ராக்டர் பிட். அதை டிரில் மிஷினில், ரீவர்சில், மெதுவாக ஓட்ட வேண்டும். இம்பாக்டில் போட்டால் எக்ஸ்ட்ராக்டரே உள்ளே முறிந்து நிற்கும். அது கடினமான எஃகு, அதைத் துளைத்து எடுப்பது தனிப் பாடு.

"ஸ்க்ரூ பாதியிலேயே முறியுது"

இரண்டே கேள்வி. என்ன ஸ்க்ரூ, என்ன மரம்?

கறுப்பாக இருக்கிற ஜிப்சம் ஸ்க்ரூ எல்லா வேலைக்கும் ஆகும் என்று ஒரு நம்பிக்கை இங்கே இருக்கிறது. அது ஜிப்சம் போர்டைப் பிடிப்பதற்காகக் கடினப்படுத்திய ஸ்க்ரூ. வளையாது, முறியும். வேங்கை, பலா, பழைய வீட்டில் பிரித்த தேக்கு இதிலெல்லாம் அதை இம்பாக்டில் அடித்தால் தலை 'டிக்' என்று கழன்று கையோடு வரும். கடற்கரைப் பக்கத்தில் அது துருப்பிடிப்பதும் வேகம்.

கெட்டி மரம் என்றால் முதலில் ஓட்டை போடுங்கள். அளவு பார்க்க அட்டவணை வேண்டாம். டிரில் பிட்டை ஸ்க்ரூவுக்கு முன்னால் கண் மட்டத்தில் நிறுத்துங்கள். ஸ்க்ரூவின் நடுத்தண்டு பிட்டுக்குப் பின்னால் மறைந்து, மரை மட்டும் இரண்டு பக்கமும் தெரிந்தால் அதுதான் அளவு. 4 மில்லி ஸ்க்ரூவுக்குக் கெட்டி மரத்தில் ஏறத்தாழ 3 மில்லி வரும். பண்ருட்டிப் பலாவில் பெட்டி, கதவு செய்கிறவர்கள் இதைத் தட்டாமல் செய்கிறார்கள். பிளைவுட்டிலேயே பழகியவர்கள்தான் கெட்டி மரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

மரையில் சோப்பு தடவி ஏற்றுகிற பழக்கம் உண்டு. சோப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். தேவனாம்பட்டினம் மாதிரிக் கடலை ஒட்டிய இடத்தில் ஸ்க்ரூ உள்ளேயே துருப்பிடித்துவிடும். மெழுகுவர்த்தியில் இரண்டு இழுப்பு இழுத்துக்கொள்ளுங்கள், அது போதும். பித்தளை ஸ்க்ரூவுக்கு இம்பாக்ட் கூடவே கூடாது. அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் ஏற்றி இறக்கி மரை வெட்டிவிட்டு, பித்தளையைக் கையால் போடுங்கள்.

"தலை பலகைக்குள்ள புதைஞ்சிடுது"

வேகப் பட்டனை 1-இல் வையுங்கள். கடைசி அரைச் சுற்றை டிரிக்கரைத் தட்டித் தட்டி விடுங்கள். இரண்டும் செய்தும் புதைந்தால், அந்த வேலை இம்பாக்டுக்கு உரியதில்லை. எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு மாதிரி மரத்தூளில் செய்த பலகை, அலமாரிக் கீல், டிராயர் சேனல் இதற்கெல்லாம் கிளட்ச் உள்ள டிரில் போதும். சுவிட்ச் போர்டு பிளேட்டைக் கையால் முடுக்குங்கள். இம்பாக்ட் வைத்தால் பிளாஸ்டிக் விரிசல் விடும். விரிசல் விட்ட பிளேட்டுக்குப் பின்னால் கரண்ட் இருக்கிறது.

"புது ஷீட் போட்டும் ஒழுகுது"

நம் ஊரில் இதைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி ஷீட்டுகளை அள்ளிக்கொண்டு போன பிறகு, "காத்துக்குப் பிச்சிக்கக் கூடாது, நல்லா முடுக்கு" என்பதே ஷீட் போடுகிறவர்களுக்கு வீட்டுக்காரர் சொல்லும் முதல் வார்த்தை. ஆட்களும் முடுக்குகிறார்கள். ஒழுகுவது அங்கிருந்துதான்.

ஷீட் ஸ்க்ரூவின் தலைக்கடியில் உலோக வாஷர், அதற்கடியில் கறுப்பு ரப்பர் வாஷர் இருக்கும். தண்ணீரை நிறுத்துவது அந்த ரப்பர். ஏணியில் நின்று ஒன்றைக் கிட்டத்தில் பாருங்கள். ரப்பர் லேசாக அமுங்கி, உலோக வாஷரின் ஓரத்தோடு ஓரமாக, சுற்றிலும் ஒரே மாதிரி எட்டிப்பார்த்தால் சரி. வெளியே பிதுங்கி உதடு மாதிரி மடங்கியிருந்தால், உலோக வாஷர் கவிழ்ந்து குழி விழுந்திருந்தால், ஸ்க்ரூவைச் சுற்றி ஷீட்டே பள்ளமாகியிருந்தால் கூடுதலாக முடுக்கியாயிற்று. அன்றைக்கு ஒழுகாது. இரண்டு கோடை வெயிலில் பிதுங்கிய ரப்பர் வெடிக்கும், பள்ளத்தில் மழைத் தண்ணீர் தேங்கும், அதற்கடுத்த ஐப்பசியில் சொட்ட ஆரம்பிக்கும். ரப்பர் அமுங்காமல் விரலால் சுற்ற முடிந்தால் அது முடுக்கம் போதாதது. ஒரு பக்கம் மட்டும் அமுங்கியிருந்தால் ஸ்க்ரூ சாய்ந்து ஏறியிருக்கிறது. கழற்றிவிட்டு நேராக ஏற்ற வேண்டும்.

புயலுக்குத் தாங்குவது முடுக்கத்தால் இல்லை. ஸ்க்ரூ எத்தனை, எங்கே போட்டது, கீழே உள்ள பைப்பில் மரை எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதால். காற்று ஷீட்டைப் பிடுங்குவது ஓரத்திலும் மூலையிலும்தான் அதிகம். அங்கே ஸ்க்ரூவை நெருக்கமாகப் போட்டால் பிரயோசனம். மெல்லிய ஸ்கொயர் பைப்பில் நிறுத்தாமல் அடித்தால் நடப்பது நேர் எதிர்: ஸ்க்ரூ இடத்திலேயே சுற்ற ஆரம்பிக்கும், பைப்பின் மரை வழித்துக்கொண்டு போய்விடும், பிடிப்பே இருக்காது. மேலே பார்த்தால் முடுக்கிய மாதிரி தெரியும். அப்படிச் சுற்றிவிட்டால் அதே ஓட்டையில் கேஜில், அதாவது தடிமன் எண்ணில், அடுத்த பெரிய ஸ்க்ரூவைப் போடுங்கள், 12 போட்டிருந்தால் 14. சிலிக்கான் பூசிவிட்டு இறங்கினால் தண்ணீர் நிற்கும், ஷீட் நிற்காது.

நியாயமாகப் பார்த்தால் இந்த வேலைக்கு மூக்கில் ஆழம் நிறுத்தும் டெப்த் நோஸ் வைத்த ஸ்க்ரூ கன்தான் சரியான கருவி. ரப்பர் அமுங்கியதும் தானாக விட்டுவிடும். நாள் முழுக்க ஷீட்டே போடுகிறவர்கள் அதை ஒரு தடவை வாங்கிவிடுவது நல்லது. இம்பாக்டில்தான் போட வேண்டும் என்றால், ஸ்க்ரூவின் ஆறுமுகத் தலையைப் பிடிக்கும் 8 மில்லி நட் செட்டர், வேகம் நடுவில், ரப்பர் ஷீட்டைத் தொட்டதும் விரலை எடுத்து, ஒரு சின்னத் தட்டில் முடிப்பது.

இன்னும் இரண்டு. ஸ்க்ரூ துளைக்கும்போது விழுகிற இரும்புத் துருவலை அன்றைக்கே துடைப்பத்தால் கூட்டித் தள்ளிவிடுங்கள். உப்புக்காற்றில் அது ராத்திரியோடு ராத்திரியாகத் துருப்பிடித்து ஷீட்டின் பூச்சைக் கறையாக்கும். ஸ்க்ரூவிலும் சாதாரண ஜிங்க் பூச்சு கடலோரத்தில் நிற்காது. தடித்த பூச்சு உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

மேலே ஏறுவதைப் பற்றி: மழை நின்ற உடனே ஏறாதீர்கள், ஈர ஷீட்டில் செருப்பு நிற்காது. கால் வைப்பது ஸ்க்ரூ வரிசை ஓடுகிற இடத்தில், அதாவது பைப்பின் மேல். இடுப்புக் கயிறு, மிஷினுக்கும் ஒரு கயிறு. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் அதன் மேல் கால் வைக்கவே கூடாது, பலகை போட்டு அதன் மேல் நிற்க வேண்டும். அதில் இம்பாக்டும் கூடாது. ஷீட் விரிசல் விடும், கிளம்புகிற தூசி நுரையீரலுக்குக் கெடுதல்.

"ஷீட் ஸ்க்ரூ இறங்கவே மாட்டேங்குது, முனை கருகிப்போச்சு"

வேகமும் தள்ளும் தலைகீழாக இருக்கிறது. முழு வேகத்தில் ஓட்டினால் முனை சூடேறி, கடினம் போய் மழுங்கும். வேகத்தைக் குறைத்து, பாரத்தைக் கூட்டுங்கள். துருவல் சுருளாக வந்தால் வெட்டுகிறது. வெறும் பொடியும் புகையும் வந்தால் தேய்க்கிறது.

அப்புறம் முனையின் அளவு. தானே ஓட்டை போட்டு இறங்கும் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூவின் முனைக்கு எண் உண்டு. 12 கேஜில் 3-ஆம் எண் முனை ஏறத்தாழ 5 மில்லி இரும்பு வரைக்கும் தாங்கும். அதைவிடத் தடித்த ஆங்கிள், சேனலுக்கு நீளமான 5-ஆம் எண் முனை வேண்டும். முனை முழுக்க இரும்பைத் துளைத்து வெளியே வந்த பிறகுதான் மரை பிடிக்க வேண்டும். முனை உள்ளே இருக்கும்போதே மரை பிடித்தால், மரை வேகமாக முன்னால் இழுக்கும், முனையால் அந்த வேகத்துக்கு வெட்ட முடியாது, ஸ்க்ரூ முறியும். ஷீட்டின் மேட்டுக்கும் பைப்புக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியையும் சேர்த்து நீளத்தைக் கணக்குப் பண்ணுங்கள்.

"சுவத்துல ஓட்டை விழல"

விழாது. சுவருக்கு முன்னோக்கிய அடி வேண்டும், இது பக்கவாட்டில் அடிக்கிறது. ஹாமர் டிரில் எடுங்கள், கான்கிரீட் என்றால் ரோட்டரி ஹாமர். புதுச்சேரியின் பழைய வீடுகளில் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக இருக்கும் சுவர் என்றால் ஓட்டை சுலபமாக விழும், ஸ்க்ரூவைப் பிடிக்க ஓட்டைக்குள் வைக்கிற பிளக்தான் நிற்காது. இணைப்பில் போடாமல் செங்கல்லின் நடுவில் போடுங்கள், நீளமான பிளக் வையுங்கள், ஸ்க்ரூவைக் கையால் முடுக்குங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் ஒயர் ஓடும் என்று வைத்துக்கொண்டு அந்தக் கோட்டை விட்டுத் தள்ளி ஓட்டை போடுங்கள்.

"பிட் உடைஞ்சுகிட்டே இருக்கு"

கை ஸ்க்ரூ டிரைவர் செட்டோடு வந்த பிட்டை இதில் போட்டால் உடையத்தான் செய்யும். இம்பாக்ட் பிட் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். அதன் இடுப்பு ஒல்லியாக இருக்கும். அடி விழும்போது அந்த இடம் கொஞ்சம் முறுக்கி முறுக்கி விட்டு முனையைக் காப்பாற்றும். நட்டுக்கு சாக்கெட் போடுகிறவர்கள் கவனியுங்கள்: பளபளக்கும் குரோம் சாக்கெட் கை ஸ்பானருக்கு உரியது, அடியில் வெடித்துச் சிதறும். இதற்குக் கறுப்பு இம்பாக்ட் சாக்கெட்தான்.

"பிட் மாட்டினா கழண்டு விழுது", "பிட் வெளியே வரல"

விழுவது என்றால், நீங்கள் போட்டது 25 மில்லி குட்டி பிட். அதில் பூட்டுவதற்கான பள்ளம் இருக்காது. ஹோல்டரில் செருகி ஹோல்டரை மிஷினில் மாட்டுங்கள், இல்லை பள்ளம் உள்ள 50 மில்லி பிட்டை நேராகப் போடுங்கள். வராமல் சிக்கியதென்றால், பேட்டரியைக் கழற்றி, பிட்டைப் பூட்டுகிற ஸ்லீவை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, பிட்டைப் பிளையரால் இழுத்து ஆட்டுங்கள். ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் விட்டால் பெரும்பாலும் வந்துவிடும். மிஷினை முழுசாக எண்ணெயில் குளிப்பாட்ட வேண்டாம், அந்த எண்ணெய் தூசியைச் சேர்த்து அடுத்த தடவை இன்னும் மோசமாகச் சிக்கும். பிட் லேசாக ஆடுவது இந்த மிஷினின் சுபாவம்.

"ஸ்டீல் நட்டு பாதியில நின்னுடுச்சு, முன்னேயும் போகல பின்னேயும் வரல"

கடலூர் முதுநகர் துறைமுகப் பக்கம் இருந்து வருகிற கேள்வி. துருப்பிடிக்கக் கூடாது என்று படகிலும் கேட்டிலும் ஸ்டெயின்லெஸ் போல்ட், ஸ்டெயின்லெஸ் நட்டு போடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் ஸ்டெயின்லெஸ்சும் ஸ்டெயின்லெஸ்சும் அழுத்தத்தோடு வேகமாக உரசினால் சூட்டில் மரை மேல் மரை ஒட்டிப் பற்றவைத்த மாதிரி ஆகிவிடும். இம்பாக்ட் அதற்குத் தேவையான வேகத்தையும் அடியையும் இலவசமாகக் கொடுக்கிறது. ஒட்டிய பிறகு எண்ணெய் விட்டுப் பலன் இல்லை, நட்டை அறுத்தெடுக்க வேண்டும். வராமல் தடுக்க: மரையில் ஆன்ட்டி சீஸ் பேஸ்ட் தடவி, கையால் ஓடும்வரை ஓட்டி, மீதியை ஸ்பானரால் முடுக்குங்கள்.

துருப்பிடித்த இரும்பு நட்டு வேறு கதை. துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டு, முன்னும் பின்னும் சின்னச் சின்ன அடியாகக் கொடுத்தால் இம்பாக்ட் அதைக் கழற்றுவதில் கெட்டிக்காரன். கார் டயர் நட்டில் மட்டும் இதை வைக்காதீர்கள். 6.35 மில்லி ஹெக்ஸ் தண்டு அந்த முறுக்கைத் தாங்காது, அதற்கு இம்பாக்ட் ரெஞ்ச் இருக்கிறது. அதுவும் கழற்ற. கடைசி முடுக்கம், இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சில்தான்.

"டிரிக்கர் அழுத்தினா ஓடல", "நடுவுல நடுவுல நிக்குது"

சிரிக்காமல் முதலில் முன், பின் பட்டனைப் பாருங்கள். நடுவில் இருந்தால் அது பூட்டு. இதற்காகவே வண்டி பிடித்துக் கடைக்கு வந்து போகிறவர்கள் உண்டு.

அடுத்தது பேட்டரியின் காலும் மிஷினின் காலும் தொடுகிற இடம். உப்புக்காற்றில் பச்சையும் வெள்ளையுமாகப் படிந்திருக்கும். பேட்டரியைக் கழற்றி, உலர்ந்த துணி, இல்லையென்றால் பென்சில் ரப்பரால் தேய்த்துவிடுங்கள். உப்புத்தாள் வேண்டாம், பூச்சு போய்விடும். கத்தி, கம்பி மாதிரி உலோகம் எதையும் பேட்டரிக்குள் விடவே கூடாது.

பாரத்தில் மட்டும் நின்று, கொஞ்ச நேரம் கழித்து ஓடினால் அது பாதுகாப்பு. சூடு அதிகம், இல்லை சுமை அதிகம். சித்திரை வைகாசியில் ஷீட் மேல் கிடந்த பேட்டரியை உடனே சார்ஜரில் போட்டால் ஏறாமல் விளக்கு மட்டும் மின்னும். லித்தியம் பேட்டரி அந்தச் சூட்டில் சார்ஜ் ஏற்றக் கூடாதது, சார்ஜர் சரியாகத்தான் காத்திருக்கிறது. நிழலில் ஆறவிட்டுப் போடுங்கள். பைக் டிக்கியில், காருக்குள் வெயிலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். நாள்கணக்கில் பயன்படுத்தப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வைப்பது ஆயுளுக்கு நல்லது.

'20 வோல்ட் வாங்கியும் 18 வோல்ட் மாதிரிதான் இருக்கு' என்று ஒரு வருத்தம் அடிக்கடி கேட்கிறேன். இரண்டும் ஒன்றுதான். வரிசையாக ஐந்து செல், முழு சார்ஜில் ஏறத்தாழ 20, ஓடும்போது சராசரியாக 18. பெட்டியில் எந்த எண்ணை அச்சடிப்பது என்பது விற்பவர் விருப்பம்.

கார்பன் பிரஷ் உள்ள மிஷினில் பின்பக்க இடுக்கில் சின்ன நீலப் பொறி தெரிவது சகஜம். நெருப்பு வளையம் மாதிரி சுற்றினால், வாடை வந்தால், பிரஷ் தேய்ந்துவிட்டது. மாற்றிக்கொள்ளலாம், பெரிய செலவில்லை.

"கை மரத்துப்போகுது"

அதிர்வு. விடாமல் ஓட்டாதீர்கள், நடுநடுவே நிறுத்துங்கள், கைப்பிடியை நசுக்கிப் பிடிக்காதீர்கள். வேலை முடிந்தும் மரப்பு போகவில்லை, விரல் வெளுக்கிறது என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். தொளதொளவென்ற கையுறை, தோளில் துண்டு, தொங்குகிற அடையாள அட்டைக் கயிறு இவை பிட்டில் சுற்றிக்கொள்ளும், கழற்றி வைத்துவிடுங்கள்.

"மிஷின் வெள்ளத்துல முங்கிடுச்சு"

2015 வெள்ளத்துக்குப் பிறகும், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையேறியதற்குப் பிறகும் நம் பக்கம் கேட்காத கடை இருந்திருக்காது. மிஷினையும் பேட்டரியையும் தனித்தனியாகப் பாருங்கள். மிஷினைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. பேட்டரி போடாமல், தண்ணீரை வடித்து, ஓட்டிப் பார்க்காமல் அப்படியே சர்வீசில் கொடுங்கள். பிரித்து, துடைத்து, கிரீஸ் மாற்றினால் பல மிஷின்கள் எழுந்துவிடுகின்றன. சேறு காய்ந்து போவதற்குள் கொடுத்தால் வாய்ப்பு கூடுதல்.

முங்கிய பேட்டரியை மறந்துவிடுங்கள். வெளியே உலர்ந்துவிட்டாலும் உள்ளே சர்க்யூட்டிலும் செல்லிலும் உப்பும் ஈரமும் இருக்கும். சார்ஜ் போட்ட பிறகோ, சும்மா இருக்கும்போதோ கூடத் தீப்பிடிக்கலாம். வீங்கியது, இனிப்பாகவோ காரமாகவோ வாடை அடிப்பது, தொட்டால் சுடுவது எல்லாம் அதே கணக்கு. வீட்டுக்குள் வைக்காமல், வெளியே எரிகிற பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத சிமென்ட் தரையில் வையுங்கள். குப்பைத் தொட்டியில் போடாமல், பேட்டரி எடுத்துக்கொள்ளும் சர்வீஸ் சென்டரில் சேர்த்துவிடுங்கள். சார்ஜரும் முங்கியிருந்தால் வெயிலில் காயவைத்து பிளக்கில் சொருகிப் பார்க்க வேண்டாம், அது 230 வோல்ட்டில் வேலை செய்கிற சாமான்.